நாலாம் தடவை வராத தாத்தா

நேற்று கிளினிக்குக்கு ஒரு பி.டி.எஸ். இறுதியாண்டு மாணவி வந்தாள். "அக்கா, பல்லே இல்லாத பெரியவங்க யாராவது இருந்தா எங்க காலேஜுக்கு அனுப்புறீங்களா? பல்செட் கேஸ் ஒண்ணு பாக்கி" என்றாள். கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

நானும் அப்படி அலைந்தவள்தான். முழு பல்செட் ஒரு நாள் வேலை இல்லை. முதல் அளவு, இரண்டாம் அளவு, தாடை அளவு, மெழுகில் பல் அடுக்கிப் பார்ப்பது, கடைசியாகப் பொருத்துவது என்று குறைந்தது 5 தடவை வரவேண்டும். என்னிடம் வந்த தாத்தா நாலாம் தடவை வரவில்லை. பேரனுக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போய்விட்டார். அவர்மேல் என்ன தப்பு? ஆனால் இத்தனை கேஸ் என்ற கோட்டாவை முடிக்காமல் பரீட்சை எழுத முடியாது என்றார்கள். பஸ் காசு கொடுத்து வேறொருவரைக் கூட்டிவந்தேன்.

பாடத்தைப் படித்துவிடலாம். பேஷன்ட் முன்னால் ஆசிரியரிடம் திட்டு வாங்கிவிட்டு, அதே பேஷன்ட் வாயில் கை நடுங்காமல் ஊசி போடுவதுதான் முடியாது. அமெரிக்காவில் 1980-லேயே பல் மருத்துவ மாணவர்களின் மன அழுத்தத்தை அளக்க ஒரு கேள்விப்பட்டியல் வந்துவிட்டது. வேலையைக் குறைசொல்வது, பேஷன்ட் வராமல் போவது எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இத்தனை வருடம் கழித்தும் ஒரு பெண் பல்லில்லாத வாயைத் தேடித் தெருவில் அலைவது எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பாட்டியிடம் இன்று சாயங்காலம் பேசப்போகிறேன்.