விடுபட்ட பெயர்

சென்ற ரமலானில் எங்கள் மதரஸாவின் கல்வி உதவிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாள் ஒரு தாயார் வாசலில் வந்து நின்றார். தகப்பனை இழந்த தம் மகனின் பெயர் அதில் இல்லை என்றார். "மனுக் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். "தாங்கள்தானே ஹஜரத் வாங்கிக் கொண்டீர்கள்?" என்றார். நான் தலைகுனிந்தேன்.

எங்கள் பதிவேட்டில் நபிகளாரின் (ஸல்) திருப்பெயரைத் தாங்கிய பிள்ளைகளே அதிகம். எழுதியவர் பலராதலால் முகமது, முகம்மது, முஹமது, முஹம்மது என நால்வகையாக அப்பெயர் பதிந்திருந்தது. நிர்வாகம் அளித்த தகுதிப் பட்டியலிலோ முஹம்மது என்ற ஒரே வடிவம். அனைத்தையும் ஒரே வடிவமாக்கி ஒப்பிடும் பொறுப்பை நான் ஏற்றேன். லினக்ஸ் கணிப்பொறியின் ஷெல்லில் கட்டளைத் தொகுப்பு எழுத என் சகோதரியின் மகன் கற்பித்திருந்தான்.

ஒரு சொல்லை அப்படியே தேடாமல், அதன் அமைப்பைச் சொல்லித் தேடும் முறைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். 1950களில் ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர் வகுத்த கோட்பாட்டை, எழுத்துத் தேடலுக்கு உரியதாக்கி 1968இல் கட்டுரை வெளியிட்டவர் கென் தாம்சன். நான் எழுதிய அமைப்பு இது:

^மு[கஹ]ம்?மது

முதற்குறி, வரியின் தொடக்கத்தில் தேடு என்பது. சதுர அடைப்பு, 'க' அல்லது 'ஹ' ஏதேனும் ஒன்று என்பது. கேள்விக்குறி, தனக்கு முன்னுள்ள எழுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பது. 'ம்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் என நம்பினேன்.

தவறு அங்கேதான். நம் கண்ணுக்கு 'ம்' ஓரெழுத்து. கணிப்பொறிக்கோ 'ம' ஒன்று, புள்ளி ஒன்று. கேள்விக்குறி புள்ளியை மட்டுமே விலக்கியது. இரண்டு மகரங்கள் இன்னும் தேவைப்பட்டன. எனவே ஒரே மகரமுள்ள முகமதுவும் முஹமதுவும் பொருந்தவில்லை. பொருந்தாமை ஷெல்லுக்குப் பிழையன்று. எச்சரிக்கை ஏதுமின்றி அவ்வரிகளைக் கடந்து சென்றுவிட்டது. இரண்டையும் பிறை அடைப்புக்குள் சேர்த்து

^மு[கஹ](ம்)?மது

என்று திருத்தியதும் நால்வகையும் பொருந்தின.

ஹதீஸ் கலையில் ஸலாம், ஸல்லாம் போன்று எழுத்தில் ஒத்து உச்சரிப்பில் வேறுபடும் ராவிகளின் பெயர்களைப் பிரித்தறியத் தனித்துறையே உண்டு. இமாம் தாரகுத்னீ (வஃபாத் ஹிஜ்ரி 385) அதற்கெனத் தனி நூல் இயற்றினார்கள். ஒரு புள்ளியும் ஒரு ஷத்தும் ஆளையே மாற்றிவிடும் என மாணவர்க்குப் போதிப்பவன் நான். ஆயினும் என் மொழியின் புள்ளியிலேயே சறுக்கினேன்.

மீண்டும் இயக்கியபோது விடுபட்டவர் 11 பேர் எனத் தெரிந்தது. நிர்வாகத்திடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அல்ஹம்து லில்லாஹ், பெருநாளுக்கு முன்பே அனைவருக்கும் உதவி சேர்ந்தது.

இப்போது என் கட்டளைத் தொகுப்பு பொருந்தாத வரிகளைத் தனிக் கோப்பில் எழுதுகிறது. இரு கோப்புகளின் வரிகளைக் கூட்டினால் பதிவேட்டின் எண்ணிக்கை வர வேண்டும். பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நானே வாசிக்கிறேன்.

அந்தத் தாயார் கேட்க வந்தார். மற்றப் பத்து வீட்டாரும் வரவில்லை; தங்களுக்குத் தகுதியில்லை போலும் என்றெண்ணி மௌனமாயிருந்தார்கள். அந்த மௌனமே என்னை இன்றும் உறுத்துகிறது. அமானிதத்தைக் கவனத்தோடு நிறைவேற்றும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.