பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை



ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, சில மாதங்களாக ஒரே கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்கிறீர்கள். "ஐயா, டேப்லெட்டில் சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது. பேட்டரியை மாற்றிவிடலாமா?" கடைக்குப் போகுமுன் ஒரு காரியத்தைப் பார்த்துவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பணம் மிச்சமாகும் என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல.

செட்டிங்ஸில் பேட்டரி என்ற பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு மின்சாரத்தைச் செலவழித்தது என்ற பட்டியல் இருக்கும். திரையில் நீங்கள் பார்த்த நேரமும், உங்களுக்குத் தெரியாமல் பின்னணியில் அது உழைத்த நேரமும் தனித்தனியே காட்டப்படும். நாள் முழுவதும் நீங்கள் திறவாத மின்னஞ்சல் செயலி அந்தப் பட்டியலின் முன்வரிசையில் நின்றால், பேட்டரியின்மேல் பழி போடாதேயுங்கள்.

கடிதம் நம் கைக்கு இரண்டு வழிகளில் வரலாம். தபால்காரர் வீடு தேடி வந்து கொடுப்பது ஒன்று. நாமே தபால் நிலையத்துக்கு நடந்து, "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டுத் திரும்புவது மற்றொன்று. முன்னதைப் புஷ் என்றும், பின்னதை ஃபெட்ச் என்றும் டேப்லெட்டில் எழுதியிருப்பார்கள். ஃபெட்ச் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருந்தால், ஒரு கணக்குக்காக நாளொன்றுக்கு 96 முறை நடை. மூன்று கணக்குகள் இருந்தால் 288. கடிதம் ஒன்றுமே வராவிட்டாலும் நடந்த நடை நடந்ததுதான். ஒவ்வொரு முறையும் உறங்குகிற கருவி விழித்து, வானலைத் தொடர்பை எழுப்பி, கடவுச்சொல்லைச் சொல்லிக் கேட்டுத் திரும்ப வேண்டும். சிம் கார்டு வழியாகப் போனால், கேட்டு முடித்த பிறகும் அந்தத் தொடர்பு சில விநாடிகள் அடங்காமல் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். சிக்னல் மெலிந்த வீடுகளில் செலவு இன்னும் அதிகம்.

அப்படியானால் எல்லாவற்றையும் புஷ்ஷுக்கு மாற்றிவிடலாமா? அஞ்சல் சேமிப்பகம் தானே தகவல் சொல்லும்வரை இணைப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் முறை 1997லேயே ஐமேப் விதிகளில் சேர்ந்துவிட்டது. 29 நிமிடத்துக்குள் ஒருமுறை அந்த இணைப்பைப் புதுப்பித்துக்கொண்டால் போதும் என்பது அதில் சொல்லப்பட்ட ஆலோசனை. விழித்திருப்பது வேறு, உறக்கம் வராமல் எழுந்தெழுந்து கதவைத் திறந்து பார்ப்பது வேறு என்று ஜாமக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் விளம்பரக் கடிதங்கள் நாளெல்லாம் குவிகிற பெட்டிக்குப் புஷ் வைத்தால், ஒவ்வொரு புடவைத் தள்ளுபடிக்கும் கருவி விழித்தெழும். மேலும் ஐபேடின் சொந்த மெயில் செயலியில் ஜிமெயிலுக்குப் புஷ் கிடைப்பதில்லை. ஆகவே உங்களில் பெரும்பாலோருக்கு ஃபெட்சை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என மாற்றுவதே ஏற்றது. 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்தால், சார்ஜில் போட்டு வைஃபையும் இருக்கும்போது மாத்திரமே பின்னணியில் கடிதம் தேடும்.

நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தம் காரியத்தை எழுத அனுமதி தந்தார். தூரதேசத்திலிருக்கும் மகளோடு இரவு ஒன்பது மணிக்கு டேப்லெட்டில் முகம் பார்த்து ஜெபிப்பது அவர் வழக்கம். நண்பகலில் நிறைந்திருந்த சார்ஜ் அந்த நேரத்துக்குள் தீர்ந்து, ஜெபத்தின் நடுவிலேயே மகளின் முகம் மறைந்துபோகும். ஒரு கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் சரியாகும் என்றார்கள்.

நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று கணக்குகள், மூன்றுக்கும் பதினைந்து நிமிடம். போதாததற்கு, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியின் காணொளி ஒன்றை இணைத்து அவர் அனுப்ப முயன்ற கடிதம், அளவு மிஞ்சிப்போனதால் வாரக்கணக்கில் அவுட்பாக்ஸில் சிக்கிக் கிடந்தது. ஜிமெயில் ஏற்கும் இணைப்பு 25 எம்பிதான். போகவே முடியாத அந்தக் கடிதத்தைக் கருவி மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது கணக்கு, கர்த்தருக்குள் நித்திரையடைந்த அவருடைய கணவருடையது. அது பாப் என்னும் பழைய முறையில் அமைந்திருந்தது. ஐமேப் முறையில் கடிதங்கள் அஞ்சல் சேமிப்பகத்தில் தங்கும். கருவியிலிருந்து கணக்கை எடுத்தாலும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். பாப் முறையில், அமைப்பைப் பொறுத்து, கருவிக்கு இறங்கியதும் சேமிப்பகத்திலிருந்து கடிதம் நீங்கிவிடக்கூடும். அவருடைய கடைசி வருடங்களின் கடிதங்கள் அப்படித்தான் அந்த ஒரு டேப்லெட்டில் மாத்திரம் இருந்தன. இரண்டாவது கடைக்காரர் சொன்னபடி அழித்திருந்தால் அவை என்றென்றைக்கும் போயிருக்கும்.

இரண்டு மாலைகள் செலவழித்து, அக்கடிதங்களை ஒவ்வொன்றாகச் சகோதரியின் சொந்தக் கணக்குக்கு அனுப்பினோம். சிக்கிய கடிதத்தை நீக்கினோம். பிற்பாடு, கணவரின் கணக்கை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும், ஐயா" என்றார். விளம்பரங்களைத் தவிர ஒன்றும் வராத அந்தப் பெட்டியைத்தான் கருவி நாளுக்கு 96 முறை திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை 'மேனுவல்' என மாற்றினோம். அவரே திறந்தால் ஒழிய இனி அது தேடாது. மற்ற இரண்டும் மணிக்கு ஒருமுறை. பேட்டரி அதே பழைய பேட்டரிதான். இப்போது ஜெபம் முடிந்தும் சார்ஜ் மீதியிருக்கிறது.

ஒரு எச்சரிப்பு. டேப்லெட்டின் முதுகு உப்பியிருந்தாலோ திரை மேலெழும்பியிருந்தாலோ அது பேட்டரியின் கோளாறே. சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மணிக்கு ஒருமுறை என்று வைத்தால் சபைச் செய்தி தவறிவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறீர்கள். ஞாயிறு ஒழுங்குமுறையைச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிடுவோம். வீட்டில் யாரையாவது மருத்துவமனையில் சேர்த்தால் எனக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திராதேயுங்கள். தொலைபேசியில் அழையுங்கள். நள்ளிரவானாலும் எடுப்பேன்.