வாஷிங்டனின் மூடிய வாய்

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன். ஜார்ஜ் வாஷிங்டனின் தலையைச் சுற்றிப் பழுப்பு வண்ணம். கழுத்துக்குக் கீழே வெறும் கித்தான். கோட்டும் இல்லை, தோளும் இல்லை. 1796-இல் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரையத் தொடங்கி, வேண்டுமென்றே முடிக்காமல் விட்ட படம் அது.

கணவருக்கும் தனக்குமாக ஜோடிப் படங்கள் வேண்டுமென்று கேட்டவர் மார்த்தா வாஷிங்டன். முடித்தால் கொடுத்துவிட வேண்டுமே! ஸ்டூவர்ட் கையிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்துப் பிரதிகள் வரைந்து விற்றார். ஒவ்வொன்றையும் தன் 'நூறு டாலர் நோட்டு' என்பாராம். மூலப்படம் மார்த்தா கைக்குப் போகவே இல்லை. ஒரு டாலர் நோட்டில் இடவலம் மாறி அச்சாகியிருப்பது இந்த முகம்தான்.

கப்பல் வேலையிலிருந்து வந்த மாமா அந்த நோட்டை எனக்குக் காட்டியது நினைவுக்கு வருகிறது. "இந்தத் தாத்தா ஏன் வாயை இப்படி இறுக்கி வச்சிருக்கார்?" என்று அத்தையைக் கேட்டேன். "பல்லு வலிக்குதோ என்னவோ, கண்ணு" என்றாள். வயதான பிறகு அத்தைக்கும் பல்செட் வந்தது. போட்டோ என்றால் அவளும் உதட்டை அப்படித்தான் மூடிக்கொள்வாள்.

அத்தை சொன்னது உண்மைக்கு மிக அருகில் இருந்தது. 1789-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது வாஷிங்டனுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். மற்றவை கட்டுப்பற்கள். மரப்பல் என்பது கட்டுக்கதை; தந்தம், உலோகம், மனிதப் பல் எல்லாம் அவற்றில் இருந்தன. ஸ்டூவர்ட் வரைந்த வாய் புடைத்திருப்பதற்கும் அவைதான் காரணம்.

மனிதப் பல் என்றால் யாருடையது? வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையின் 1784 கணக்கில் ஒரு வரி இருக்கிறது: பல் வைத்தியர் கணக்கில், கறுப்பின மக்களிடம் 9 பற்கள் வாங்க 6 பவுண்டு 2 ஷில்லிங். அடிமையாக இருப்பவர் 'விற்கிறேன்' என்று சொன்னால் அது விற்பனையா? அந்தப் பற்கள் அவர் வாய்க்கே போயினவா என்று கணக்கு சொல்லவில்லை. கொடுத்தவர்களின் பெயர்களும் அதில் இல்லை.

ஸ்டூவர்ட் 1828-இல் கடனாளியாக இறந்தார். பாஸ்டனும் வாஷிங்டன் நகரமும் இப்போது படத்தை முறைவைத்து மாட்டுகின்றன. எந்த ஊரில் மாட்டினாலும், அந்தக் கணக்குப் பக்கத்தின் நகலையும் அருகிலேயே மாட்ட வேண்டும்.