சார்ஜ் ஏறலையா பாஸ்?

ஹாஸ்டல் ரூம்ல ஆள் நாலு, பிளக் பாயின்ட் ரெண்டு. அப்புறம் லேப்டாப்போட யூ.எஸ்.பி. போர்ட்தானே நமக்குக் கதி! ராத்திரி முழுக்கச் செருகி வெச்சும் காலையில பதினஞ்சு பர்சென்ட்லயே நிக்குதா? பேட்டரி காலின்னு உடனே முடிவு கட்டாதீங்க மக்களே!

முதல்ல கணக்கு. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தர்றது 5 வோல்ட்ல 500 மில்லி ஆம்பியர். அதாவது வெறும் 2.5 வாட். 3.0 போர்ட்னா 900 மில்லி ஆம்பியர். 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி 2.5 வாட்ல நிரம்ப கிட்டத்தட்ட பத்து மணி நேரம் ஆகும். நடுவுல வீடியோ பார்த்தீங்கன்னா வரவும் செலவும் சரியாப் போயிடும்!

துளிகூட ஏறலையா? வரிசையாப் பாருங்க. போனை ஆஃப் பண்ணிட்டு, ஜாக்ல அடைச்சிருக்கிற பாக்கெட் பஞ்சை மரப் பல்குச்சியால மெதுவா எடுங்க. கேபிளை மாத்துங்க. ஹப் வேண்டாம், நேரா போர்ட்ல செருகுங்க. டெஸ்க்டாப்னா பின்பக்க போர்ட்டைப் பாருங்க.

போன செமஸ்டர்ல ஒரு சீனியருக்கு ஆன்லைன் வேலைத் தேர்வு. ஓ.டி.பி. வரவேண்டிய போன் செத்துக் கிடந்துச்சு. மூடிவெச்ச லேப்டாப் 'ஸ்லீப்'ல போனதும் போர்ட்டும் தூங்கிடுச்சு, அவ்வளவுதான் கோளாறு. திறந்துவெச்சதும் அரை மணியில போனுக்கு உயிர் வந்துச்சு. வேலை கிடைக்கலை. ஆனா, தேர்வு எழுதினார்.

ஓம் விதியை எழுதி மார்க் வாங்குற நாம, மெலிசான நீளக் கேபிள்ல வோல்டேஜ் குறையும்கிறதை ஏன் மறந்துடுறோம்? அப்பாகிட்ட புது போன் கேட்கிறதுக்கு முன்னாடி, நூறு ரூபாய் கேபிள் ஒண்ணு மாத்திப் பாருங்களேன்!