நாலாம் வாய்ப்பாடும் மஞ்சப்பையும்



விடுமுறைக்கு வந்த மகள்வழிப் பேத்திக்கு ஆறு வயது. பழைய வேட்டிகளில் மஞ்சப்பை தைத்து, வேலூர்ச் சந்தைக்கு வரும் பெரியவர்களுக்குக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தோம். 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருந்தும் பலர் கையில் அதுதானே இருக்கிறது! பேத்தி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள், நான் வெட்டினேன், வீட்டம்மா தைத்தார்.

"அப்பிச்சி, ஒரு வேட்டிக்கு நாலு பை. அஞ்சு வேட்டிக்கு இருபது!" என்றாள். நாலாம் வாய்ப்பாட்டை நான் சொல்லித்தரவே இல்லை.

கைத்தொழில் வழியே கற்பிக்கச் சொல்லி 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியை, பயிற்சிப் பள்ளியில் பரீட்சைக்காக மட்டுமே படித்தவன் நான். அதனால்தான் அந்தத் தவறு நடந்தது.

இதே நாலாம் வாய்ப்பாடு வரவில்லை என்று ஒரு மாணவனை வெளியே நிற்க வைத்தேன். மறுவாரம் கொடிக்கால் பக்கம் போனபோது, அவன் நூறு நூறாக வெற்றிலை எண்ணிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. பார்த்தும் பேசாமல் வந்துவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் வீட்டுக்கு வா. உனக்கும் ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன். மன்னிப்பை நேரில்தான் கேட்க வேண்டும்.