கோணம் என்பது யாது?

கேத்திரகணிதம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ் சுளிக்கும் சிறுவர் பலர். 90 பாகைக்குக் குறைந்தது கூர்ங்கோணம், 90 பாகையாயின் செங்கோணம், அதனைக் கடந்து 180 பாகைக்கு உட்பட்டது விரிகோணம் என்று அவர்கள் தடங்கலின்றி ஒப்புவிப்பார்கள். கோணம் என்பது யாது என்று வினவினாலோ விழிப்பார்கள்.

எம் இல்லத்துச் சிறுமியும் அவ்வாறே விழித்தாள். இரு கோணங்களுள் பெரியது எது என்ற வினாவுக்கு, நீண்ட கோடுகளால் வரையப்பட்ட கூர்ங்கோணத்தை அவள் காட்டியிருந்தாள். கொப்பியிற் சிவப்பு மையால் ஒரு கீறல் விழுந்ததேயன்றி, பிழை யாதென விளக்கும் ஒரு சொல்லும் அங்கில்லை. "எனக்குக் கணக்கு வராது" என்று அன்று முதற் சொல்லத் தலைப்பட்டாள். பன்னிரண்டு வயதிலே ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இத்தகைய தீர்ப்பை எழுதிக்கொள்வது சிறிய விஷயமன்று.

கோணம் என்பது கோட்டின் நீளமன்று, திருப்பத்தின் அளவு. மூடிய கதவைச் சற்றே திறந்தால் கூர்ங்கோணம். மேலுந் திறந்தாற் செங்கோணம். அதற்கப்பாலுந் தள்ளினால் விரிகோணம். கதவு அகன்றதாயினும் ஒடுங்கியதாயினும் திருப்பம் ஒன்றே. மணிக்கூட்டிலும் இதனைக் காணலாம். மூன்று மணிக்கு முட்களிரண்டும் செங்கோணத்தில் நிற்கும். மூன்றரைக்கு? அதுவும் செங்கோணமே என்பார் பெரியோருள்ளும் உளர். சிறிய முள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நகர்ந்துவிட்டதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். விடை 75 பாகை.

இனி வடிவங்களுக்கு வருவோம். கடதாசியில் ஒரு முக்கோணியை வெட்டி, அதன் மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒன்றையொன்று தொடுமாறு அருகருகே வைத்துப் பாருங்கள். எத்தகைய முக்கோணியாயினும் அவை ஒரு நேர்கோட்டில் அமையும். கூட்டுத்தொகை 180 பாகை. ஆகவேதான் ஒரு முக்கோணியில் இரண்டு விரிகோணங்கள் இருத்தல் இயலாது.

நாற்பக்கலின் கதை வேறு. நான்கு மட்டைத் துண்டுகளை, மூலைக்கு ஒரு குண்டூசியாகக் குத்திச் செவ்வகமாக்கினோம். சிறுமி அதனைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினாள். செவ்வகம் இணைகரமாயிற்று. எதிரெதிரான இரு மூலைகள் 70 பாகையாக ஒடுங்கியபோது, மற்றை இரண்டும் 110 பாகையாக விரிந்தன. கூட்டுத்தொகையோ முன்போல 360 பாகையே. துண்டுகளின் நீளத்தில் ஓர் இம்மியும் மாற்றமில்லை. அவள் அடிமட்டத்தை எடுத்து நான்கு துண்டுகளையும் அளந்தாள்; ஐயந்தீராது மறுபடியும் அளந்தாள். நீளம் மாறாமலே கோணம் மாறுகிறது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்பு மூலைக்கு மூலை சாய்வாக ஐந்தாவது துண்டொன்றைப் பொருத்தினோம். சட்டம் அசைய மறுத்தது. நாற்பக்கல் இப்போது இரண்டு முக்கோணிகளாகிவிட்டதன்றோ? மூன்று பக்கங்களின் நீளமும் நிலைத்துவிட்டால் முக்கோணியின் கோணங்களும் நிலைத்துவிடும். படலைக்குக் குறுக்கே தச்சர் ஒரு சலாகையைச் சாய்வாக அடிப்பது இது பற்றியே.

மறுநாள் மாலை அவள் பாகைமானியுடன் ஒழுங்கைக்குப் போனாள். குறுக்குச் சலாகையில்லாத படலைகள் மூன்றாம். அவற்றுள் இரண்டு சரிந்துவிட்டனவாம். அடுத்த வீட்டுப் படலையின் மேல்மூலை 97 பாகை என்று கொப்பியிற் குறித்தும் வந்திருந்தாள்.