சருகுமானும் சுலைமான் நபியும்

ஜாவா மொழியில் ஒருவரை நாடு கடத்துவதைச் சொல்ல ஒரு வினைச்சொல் உண்டு. அதன் வேர் 'செலோங்', அதாவது சிலோன். நமது தீவின் பெயரே அங்கே தண்டனையின் பெயராகிவிட்டது. 1708இல் மதராம் அரசர் மூன்றாம் அமங்குராத்தை ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 1734இல் இங்கேயே அவர் காலமானார். இப்படி வந்த அரச குடும்பத்தினரும் கைதிகளும், ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் கொண்டுவந்த படைவீரர்களும் எல்லோரும் ஜாவாவைச் சேர்ந்தவர்கள் அல்லர். மதுரா (நம் மதுரை அல்ல, ஜாவாவை ஒட்டிய தீவு), பாலி, மக்காஸார், அம்போன் என்று பல ஊரினர். ஆனாலும் சிங்களவர் அவர்களை 'ஜா' என்றனர். நாம் 'ஜாவா மனுசர்' என்றோம். கொம்பனித்தெருவில் ஜாவா லேன் இன்றும் அப்பெயரைச் சுமக்கிறது. நம்மவர் பலர் அடங்கியிருக்கும் ஜாவத்தை மையவாடியின் பெயரிலும் அவர்களே இருக்கிறார்கள் என்பார்கள்.

நான் வளர்ந்த கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு மலாய்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு மூதாட்டியைத் தெருப்பிள்ளைகள் எல்லோரும் 'நெனெ' என்றே கூப்பிடுவோம். மலாயில் அது பாட்டி. எங்களோடு பேசுவது தமிழில்தான். மஃரிபுக்குப் பிறகு மின்சாரம் நின்றுபோன இரவுகளில் அவர் சொன்ன கதைகளில் எனக்கு மறக்காதது 'காஞ்சில்' என்ற சருகுமானின் கதை.

ஆற்றுக்கு அப்பால் பழுத்த மரம். ஆறு நிறைய முதலைகள். காஞ்சில் கரையில் நின்று, "சுலைமான் நபியின் கட்டளை! உங்களை எண்ணி வரச் சொல்லியிருக்கிறார். இக்கரையிலிருந்து அக்கரை வரை வரிசையாகப் படுங்கள்" என்கிறது. முதலைகள் படுக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று முதுகு முதுகாக மிதித்து அது அக்கரை சேர்ந்துவிடுகிறது. இன்னொரு கதையில் புலியிடம் குளவிக்கூட்டைக் காட்டி, அது சுலைமான் நபியின் முரசு என்று நம்பவைக்கும். ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த மான் இது. ஜாவாக்காரர் அதை வெள்ளரிக்காய் திருடனாகவும் ஆக்கியிருக்கிறார்கள்.

மத்ரஸா சூடு ஆறாத வயது. "நபியின் பேரால பொய் சொன்னா குனாஹ் இல்லையா நெனெ?" என்று கேட்டேன். "முதலைக்கு முன்னால நிக்கிறவன்ட்டப் போய் இதக் கேளு மகன்" என்றார்.

எனக்கு அப்போது மனதில் நின்றது மானின் தந்திரமல்ல, அந்தப் பெயரைக் கேட்டதும் முதலையும் வரிசையில் படுத்ததுதான். இன்று யோசிக்கையில் வேறொன்றும் தோன்றுகிறது. கப்பலில் ஏற்றி அந்நியக் கரையில் இறக்கப்பட்ட ஒரு கூட்டத்துக்கு, பலமில்லாத சின்னப் பிராணி மார்க்கத்தின் பெயரைப் பற்றிக்கொண்டு ஆறு கடக்கும் கதை வெறும் சிரிப்புக் கதையாக இருந்திருக்க முடியாது.

நமக்கும் அவர்களுக்கும் பொதுவான கதைகளும் உண்டு என்பதை நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் மதுரையில் அரங்கேறியது. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ்க் காவியங்களில் அதுவே பழையது என்று படித்திருக்கிறோம். யூத அறிஞர் இப்னு ஸலாம் நபிகள் நாயகத்திடம் ஆயிரம் கேள்விகள் கேட்டு இஸ்லாத்தில் இணையும் அதே கதை ஜாவாவில் 'ஸெராத் ஸமுத்' ஆகவும், மலாயில் 'ஹிகாயத் ஸெரிபு மஸாயில்' ஆகவும் வழங்கியது. ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் மூன்றையும் அருகருகே வைத்து 2011இல் ஒரு நூலே எழுதினார். நம் மேடைகளில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

இலங்கை மலாய்ச் சுவடிகள் பற்றி அவர் எழுதியவற்றில் இன்னொன்று என்னை நிறுத்தியது. இங்கே ஒரு மலாய்க் குடும்பம் காத்துவந்த தொகுப்புச் சுவடியொன்றில், ஜாவா மொழியிலேயே 'இரவில் காவல் செய்யும் பாட்டு' இருக்கிறது. ஒன்பது வலிமாரில் ஒருவரான ஸுனான் காலிஜாகா பாடியதாக ஜாவா மரபு சொல்லும் பாட்டு. ஜின், சூனியம், கள்வர் எதுவும் அண்டாதிருக்க, உடம்பின் உறுப்புதோறும் ஒரு நபியை நிறுத்திக் காவல் கேட்பது. படுக்குமுன் ஆயத்துல் குர்ஸி ஓதி எங்கள் நெஞ்சில் ஊதிய உம்மாவின் கை எனக்கு நினைவு வந்தது.

இதையெல்லாம் பித்அத் என்று ஒதுக்கும் குரல் நம்மிடையே வலுத்திருக்கிறது. அகீதாவை ஆலிம்கள் பேசட்டும். ஆனால் மானின் கதையை மார்க்கத் தீர்ப்புக்கு நிறுத்துவது அந்தச் சிறுவயதில் நான் கேட்ட கேள்வியைவிட முதிர்ந்த காரியமாக எனக்குத் தெரியவில்லை. அதைவிட மௌனமான அழிவு மொழி வழியாக நடக்கிறது. 1869இல் பாபா யூனுஸ் ஸல்தீன் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபெழுத்தில் கல்லச்சில் கொண்டுவந்தார். தண்டனைத் தீவை இராவணன் நகரின் பெயரால் தமதாக்கிக்கொண்ட முஸ்லிம் பத்திரிகை! அந்த எழுத்தை வாசிப்பவர்கள் இன்று சொற்பம். வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுஸைன்மியா 1970களில் மலாய் வீடுகளில் சுவடி தேடி நுண்படம் எடுக்கச் செய்திராவிட்டால் மிச்சமும் கரையானுக்குப் போயிருக்கும்.

நெனெயின் பேரன் இப்போது வெள்ளவத்தையில், எனக்கு நான்கு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். வீட்டில் ஆங்கிலம், வெளியே சிங்களமும் தமிழும். பச்சைத் துணியில் சுற்றிய ஒரு கிதாப் அவரிடம் உண்டு. அவருக்குப் பேச்சு மலாய் கொஞ்சம் தெரியும், எழுத்துப் புரியாது. எனக்கு அரபுத்தமிழ் பழக்கத்தால் எழுத்துப் புரிகிறது, மலாய் தெரியாது. ஸபர், ஸேர் எதுவும் இடாத எழுத்து என்பதால் அதை 'குண்டுல்' என்பார்களாம். மொட்டை என்று அர்த்தம். ஒரே சொல்லை நான் மூன்று விதமாக ஒலித்துக் காட்ட, அவர் யோசித்து ஒன்றைப் பிடித்துப் பொருள் சொல்வார். முதல் நாள் அரைப்பக்கம் முடிந்தது. அது கதையா துஆவா என்று இன்னும் விளங்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மீண்டும் உட்காருவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.